அனுப்புநர்: அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள நெட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். நீயும் அந்தச் சுரங்கப் பாதைக்குள் தலை இடிக்காமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இத்தனை வருடம் மெயிலில் தட்டிவிட்டு இப்போது பேனா பிடித்தால், என் எழுத்து எனக்கே கோழி கிளறியது போல இருக்கிறது. பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரி மெயிலில் ஒரு கோளாறு. பதிவுப் பிரிவின் முகவரியிலிருந்து ஏதாவது வந்தால் திறக்காதே. அதிலிருந்துதான் உனக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளச் சோம்பல். அந்த முகவரியை நாங்கள் நான்கு பேர் ஒரே பாஸ்வேர்டில் பயன்படுத்தி வந்தோம். யாரோ ஒருவர் ஒரு போலி மெயிலை நம்பி அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். திருடர்கள் உள்ளே புகுந்து, எங்கள் பெயரில் நோயாளிகளுக்கெல்லாம் மெயில் அனுப்பிவிட்டார்கள். இதற்கு ஃபிஷிங் என்று பெயராம். தூண்டில் போடுவது.

வரவேற்பு மேசையில் இருப்பாளே, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள், அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்துதான் நடந்தது என்கிறார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. அந்த வாரம் என் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போயிருந்தது. நானே மேசை மேசையாக அலைந்துகொண்டிருந்தேன்.

காத்திருப்புக் கூடத்துக்குப் புதிதாக வெளிர்பச்சை அடித்திருக்கிறார்கள். பார்த்தாலே காய்ச்சல் வரும் நிறம். உன் மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நெட்டை எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு எப்படி இருக்கிறது? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். சாப்பாடு இறங்குகிறதா? எடை குறைந்திருக்கிறதா? டாக்டர்கள் நடுவில் வேலை செய்கிறவர்கள்தான் தங்கள் உடம்பைப் பார்ப்பதில்லை. எதையும் என்னிடம் மறைக்காதே.

இங்கே மலையில் போனுக்குச் சிக்னல் கிடைக்காதது உனக்குத் தெரியும். இப்போது மெயிலும் இல்லை. எங்கள் சுரங்க வேலை முகாமின் ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் யாரோ எதையோ அழுத்திவிட்டாராம். இரண்டு நாள் வரைபடமெல்லாம் பூட்டிக்கொண்டு, துளைக்கும் இயந்திரம் சும்மா நின்றது. மேனேஜர் சொந்த மெயிலை எல்லோருக்கும் மூடிவிட்டார். நாற்பது பேரும் காகிதம் தேடி அலைகிறோம். செவ்வாய்க்கிழமை சாமான் வண்டிதான் தபால்காரர். எனக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கும் வெல்டர், ‘எவன் அழுத்தினானோ அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்’ என்று தினமும் பல் விளக்கும்போது சொல்கிறார்.

உன் உடம்பைப் பற்றி விவரமாக எழுது.

நெட்டை

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் அன்பு. என் உடம்புக்கு என்ன? கல்லைத் தின்றாலும் கரைக்கும். நீ எதற்கு இப்படித் துருவித் துருவிக் கேட்கிறாய்?

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். கழுத்தில் கட்டி. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ‘உங்கள் ரிப்போர்ட் தயார், பார்க்க இங்கே அழுத்தவும்’ என்று எங்கள் முகவரியிலிருந்து மெயில் போயிருக்கிறது. ரிப்போர்ட்டைத் திறக்க ஒரு சின்னக் கட்டணம் என்று கேட்டிருக்கிறது. கார்டு எண்ணைப் போட்டிருக்கிறார். சிகிச்சைக்கு வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

நான் மன்னிப்புக் கேட்கத் தயாராகக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

“போனது போகட்டும்மா. ரிப்போர்ட் வந்திருச்சுன்னு எழுதியிருந்தீங்களே. நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லிடுங்க. ஒரு மாசமா தூக்கமில்ல.”

“ஐயா, அது நாங்க எழுதினது இல்ல. ரிப்போர்ட் இன்னும் வரலை.”

“வரலையா?” என்று என்னைப் பார்த்தார். “அப்ப எனக்கு இருக்குன்னும் தெரியாது, இல்லன்னும் தெரியாது. அப்படித்தானே?”

பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டு, ஃபைல் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்படி இல்லை, தம்பி. எதற்காகவோ பயந்து காத்துக்கொண்டிருக்கிறவர்கள்தான் முதலில் அழுத்துகிறார்கள்.

வரவேற்பு மேசைக்காரி, ‘நான் எதையும் அழுத்தலை’ என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டாள். யாரும் நம்பவில்லை.

வேறென்ன எழுத. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கம்ப்யூட்டர் பழுதான வாரத்தில் நீ அந்த வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாயா?

அத்தானையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

நெட்டை

*

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து செவ்வாய்க்கிழமை போய்விட்டது. சாமான் வண்டி உருளைக்கிழங்கும் டீசலும் கொண்டுவருகிறது, உன் கடிதத்தை மட்டும் கொண்டுவரவில்லை. வண்டி டிரைவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

நான் கேட்டது உன்னைக் காயப்படுத்தியிருந்தால், கேட்கவில்லை என்று வைத்துக்கொள். உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு வரி போதும்.

நெட்டை

*

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நோயாகப் படுக்கவில்லை. ஒரு வரியில் எழுத முடியாத காரியத்தை முடித்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

உட்கார்ந்தேன். அந்த மேசையில் அன்று உட்கார்ந்தது நான்தான்.

அவள் சாப்பிடப் போயிருந்தாள். அவளுடைய நாற்காலியில் நான். எதிரே இருபது பேர் வரிசை. போன் அடித்தபடி இருக்கிறது. பொது மெயிலைத் திறந்தால், ‘உங்கள் அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது, ஒரு மணி நேரத்தில் மூடப்படும், உறுதி செய்யவும்’ என்று வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியின் சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். வேறு யாராவது என்னிடம் காட்டியிருந்தால் பட்டென்று பிடித்திருப்பேன். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். மறந்தும் போனேன்.

மூன்றாம் நாள் விஷயம் வெடித்தபோதுதான் நினைவு வந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஃபைல் தொலைத்ததில்லை என்று மார்தட்டியவள் நான். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவளுடைய பிழைப்பை விட்டுக்கொடுத்தேன். இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் இதுதான் வருகிறது, தம்பி. அதனால் சுற்றாமல் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை விசாரணையின் கடைசி நாள். டைரக்டர், வக்கீல், கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், ஓரத்தில் அவள். தவறு அவளுடையது, பணிநீக்கம் செய்யலாம் என்று அறிக்கை தயார். பிரிவுத் தலைவி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“இங்க போடுங்க மேடம்” என்று வக்கீல் விரலை வைத்துக் காட்டினார்.

“போட மாட்டேன். இது பொய். அன்னிக்கு அந்த நாற்காலியில இருந்தது நான். பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்.”

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பேசலாம்” என்றார்.

“மூணு மாசமா நானும் நாளைக்குன்னுதான் சார் சொல்லிட்டிருந்தேன். இப்பவே எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்கள். அவள் என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவி பதவி போயிற்று. இனி முன் கவுன்ட்டரில் வேலை. வேலையே போகும் என்று நினைத்தேன், அத்தனை தூரம் போகவில்லை. உன் அத்தான் கேட்டுவிட்டு, “சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான் அவர்.

ஆனால் நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். அந்த மெயில் போன எல்லோருக்கும் நானே போன் செய்யப் போகிறேன். அறுநூற்றுப் பன்னிரண்டு முகவரிகள். திருடன் ஒவ்வொருவரிடமும் என் பெயரைச் சொல்லிப் போயிருக்கிறான். நானும் என் பெயரைச் சொல்லியே போகிறேன்.

அக்கா

*

ஜூன் 8

தம்பி,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. பட்டியலில் நானூற்றுச் சொச்சத்தில் வந்துகொண்டிருந்தேன். அங்கே உன் முகவரி இருக்கிறது. என் கடிதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே உனக்கும் போயிருக்கிறது.

நீ திறந்தாயா?

உங்கள் முகாமில் ‘யாரோ’ என்று எழுதினாயே. அது யார்?

அக்கா

*

ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான். நீ கேட்பதற்குள் நானே எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு அந்த முகவரி என்றால் பதிவுப் பிரிவு இல்லை, அக்கா. ‘ரிப்போர்ட் தயார்’ என்று உன்னிடமிருந்து வருகிறது. வேறு ஒரு வார்த்தை இல்லை. உனக்கு ஏதோ பெரிய வியாதி, வாயால் சொல்ல முடியாமல் ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆபீசுக்குள் நின்றுகொண்டே அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது, முகாமின் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். எதுவும் திறக்கவில்லை. மறுநாள் எல்லாம் பூட்டிக்கொண்டது.

அப்புறம் உன் கடிதம் வந்தது, மெயில் போலி என்று தெரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒருவேளை வியாதி நிஜமாக இருந்து, நீ மறைக்கிறாயோ என்று. நேராகக் கேட்டால் நான் திறந்தது தெரியும். உன் முகவரியால்தான் இங்கே நாற்பது பேர் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரிந்தால் நீ உடைந்துபோவாய். அதனால்தான் எடை குறைந்ததா, சாப்பாடு இறங்குகிறதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். நம் இரண்டு பேர் கடிதத்திலும் அந்த ‘யாரோ’தான் அதிகமாக வந்திருக்கிறார்.

விசாரணை அறையில் நீ சொன்னதைப் படித்த அன்றே நானும் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். உன்னுடைய இந்தச் சின்னக் கடிதம் வந்த பிறகு உட்கார முடியவில்லை. சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லோரும் தட்டோடு இருக்கும்போது பெஞ்சு மேல் ஏறினேன். கூரைத் தகரம் தலையில் இடித்தது, சிரித்தார்கள். “அந்தக் கம்ப்யூட்டரை அழுத்தினது நான்தான்” என்றேன். சிரிப்பு நின்றது.

வெல்டர் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். “எறங்கு கீழ. என்ன மெயில் வந்துச்சு, எப்படி இருந்துச்சு, எல்லாருக்கும் சொல்லு. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. பையன் ஸ்கூல்ல இருந்துன்னு. நானும் அழுத்தத்தான் போனேன், அதுக்குள்ள மூடிட்டாங்க” என்றார்.

மன்னித்தாரா என்று தெரியாது. கோபம் இன்னும் இருக்கிறது. இரவல் வாங்கிய என் சோப்பைத் திருப்பித் தரவில்லை.

மேனேஜரிடமும் சொன்னேன். ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்தம். வேலையை விட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். உனக்கு ஒன்றும் இல்லையே?

நெட்டை

*

ஜூலை 19

அன்புள்ள என் நெட்டைக்கு,

ஒன்றும் இல்லை. எனக்கு எந்த வியாதியும் இல்லை. இதை ஆஸ்பத்திரி முத்திரை போட்டுத்தான் அனுப்பலாம் என்று பார்த்தேன், அந்த முத்திரையும் இப்போது என்னிடம் இல்லை. உன் கடிதத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டே படித்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. முப்பத்தொரு பேர் ஏமாந்திருக்கிறார்கள். அதில் பத்தொன்பது பேர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஒரு கல்லூரி ஆசிரியர் மனைவிக்குத் தெரியக் கூடாது என்று மாடிப்படியில் நின்று கிசுகிசுத்தார். ஒரு அம்மாள் என்னைப் பத்து நிமிடம் திட்டினாள். பதில் பேசாமல் கேட்டேன். கடைசியில், “நீங்களும் இதுல மாட்டினீங்களா?” என்றாள். “ஆமாம்மா, முதல்ல மாட்டினதே நான்தான்” என்றேன். அதற்கு அப்புறம்தான் அவள் தனக்கு நடந்ததை என்னிடம் சொன்னாள்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று புரிந்தது. வெட்கம்தான் திருடனுக்கு இரண்டாவது சாவி. டைரக்டரிடம் போய், காத்திருப்புக் கூடத்தில் வாரம் ஒருமுறை இதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

“வேணாம். ஆஸ்பத்திரி பேர் கெட்டுடும்.”

“கெட்டாச்சு சார். இனிமே அதை வச்சு ஏதாவது நல்லது பண்ணலாமா?”

மூன்று முறை மறுத்தார். நான்காவது முறை போனபோது என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் காய்ச்சல் பச்சைச் சுவருக்கு முன்னால் நிற்கிறேன். முதலில் நான் ஏமாந்த கதை. பிறகு விஷயம். அவசரப்படுத்துகிற மெயிலை அவசரமில்லாமல் படியுங்கள். முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். லிங்கை அழுத்தாதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணில் போன் செய்து கேளுங்கள். பாஸ்வேர்டைக் கேட்டால் டைரக்டரே கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே பேங்குக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள். முதல் வாரம் ஏழு பேர் கேட்டார்கள். அதில் இருவர் தூங்கினார்கள். போன வாரம் நிற்க இடமில்லை.

பஸ் டிரைவருக்கு முதல் பரிசோதனையில் தெளிவு கிடைக்காமல், மறுபடி சதை எடுத்து அனுப்பிய ரிப்போர்ட் இப்போது வந்தது. கட்டி கெட்டதுதான். ஆனால் ஆரம்பம், அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். செலவை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை விட மாட்டேன்.

வரவேற்பு மேசைக்காரி திரும்பி வந்துவிட்டாள். என் நாற்காலி அவளுக்கு அடுத்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டாள். முன்பெல்லாம் ‘அக்கா, அக்கா’ என்று வாய் ஓயாது. இப்போது ஏதாவது வேண்டுமென்றால் சீட்டில் எழுதி என் பக்கம் நகர்த்துகிறாள். அது அவளுடைய உரிமை.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முத்திரை இல்லாமலே நம்பிவிட்டேன்.

மெயிலைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். நிபந்தனை: ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்வேர்டு. சந்தேகமான எதையும் இரண்டு பேர் சேர்ந்து பார்த்த பிறகுதான் தொட வேண்டும். என்னோடு சேர்ந்து பார்க்க வெல்டரைப் போட்டிருக்கிறார் மேனேஜர். ஒவ்வொன்றுக்கும், “உங்க அக்காவுக்கு இது வந்தா என்ன சொல்லுவாங்க?” என்று கேட்கிறார். உன்னை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

சுரங்கம் பாதிக்கு மேல் வந்தாயிற்று. ஆபரேஷன் செலவு என்னாயிற்று என்று எழுது.

நெட்டை

*

செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் அன்பு. இங்கே எல்லோரும் நலம். ஆபரேஷன் செலவை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது. ஏழு முறை எழுதினேன். ஆபரேஷன் முடிந்து, டிரைவர் கழுத்தில் கட்டோடு புதன்கிழமைகளில் வந்து முதல் வரிசையில் உட்காருகிறார்.

போன புதன்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் இருக்கும். கூடத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு போன்கள் சிணுங்கின. ‘உங்கள் அடுத்த சிகிச்சைத் தேதி மாற்றப்பட்டுள்ளது, உடனே உறுதி செய்யவும்.’ எங்கள் சின்னம், எங்கள் நிறம், கீழே டைரக்டர் பெயர். திருடர்களிடம் பழைய பட்டியல் இன்னும் இருக்கிறது.

முன்வரிசையில் ஒருவர் நீட்டிய போனை வாங்கி நான் படித்துக்கொண்டிருந்தேன். டிரைவர்தான் எழுந்தார். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் கட்டைக் குரலில் கத்தினார். “யாரும் தொடாதீங்க! எல்லாரும் கையை எடுங்க!”

ஓடும் பஸ்ஸில் பிரேக் பிடித்தது போலக் கூடமே நின்றது.

நான் கவுன்ட்டருக்கு ஓடினேன். அதற்குள் போன்கள் ஆரம்பித்துவிட்டன. ‘இது உங்க மெயிலா?’ ‘தேதி நிஜமாவே மாறியிருக்கா?’ ‘அழுத்தலை மேடம், கேட்டுட்டு அழுத்தலாம்னு.’ ஒன்றை வைத்தால் அடுத்தது. கல்லூரி ஆசிரியர் கூப்பிட்டார். இந்த முறை கிசுகிசுக்கவில்லை, மனைவியும் கூடப் பேசினாள். மத்தியானத்துக்குள் நூற்று நாற்பது அழைப்புகள். ஏமாந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் பத்து நிமிடத்தில் பேங்குக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு என்பது எனக்கு இன்னும் அதிகம்தான். அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பரபரப்பின் நடுவில் நான் ஒருவருக்குப் பதில் சொல்லி முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போனேன். பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ரெண்டாவது லைன் அடிக்குது. நீங்க எடுங்க. முதல் லைனை நான் பாத்துக்கறேன்.”

அவள்தான். அக்கா என்று கூப்பிடவில்லை, மேடம் என்றும் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. சீட்டு எழுத நேரமில்லாமல் வந்த வாக்கியமாக இருக்கலாம். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. தண்ணீரை வைத்துவிட்டு இரண்டாவது லைனை எடுத்தேன்.

“வணக்கம், பதிவுப் பிரிவு. அழுத்துறதுக்கு முன்னாடி கூப்பிட்டீங்களே, ரொம்ப நல்லது. சொல்லுங்க.”

இப்படிக்கு,
அக்கா